இரண்டாம் மொழி வகுப்பில் அந்த மொழியே ஒலிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 3 முதல் சாதாரண தரம் (தரம் 11) வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலமும், தரம் 6 முதல் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களமும் கற்று வெளியேறும் எமது திருகோணமலைத் தமிழ்மொழிமூல மாணவர்களில் பெரும்பாலோர், கச்சேரியிலோ (மாவட்டச் செயலகத்திலோ) வைத்தியசாலையிலோ சிங்களத்தில் கேட்கப்படும் ஒரு சாதாரண கேள்விக்கு விடை சொல்லத் தடுமாறுகிறார்கள். மூவினத்தவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் இந்த நிலைமை! பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை, வீட்டில் பேசிப் பழக்குவோர் இல்லை என்றெல்லாம் காரணம் சொல்லப்படுகிறது. இரண்டாம் மொழி கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில், முதன்மையான காரணம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது என்பது எனது உறுதியான கருத்து. ஒரு பாடவேளையில் அந்த மொழியைப் பிள்ளை கேட்டு விளங்கிக்கொள்ளும் நேரம் மிகச் சொற்பம். மீதி நேரமெல்லாம் அந்த மொழியைப் பற்றித் தமிழில் விளக்குவதிலும், வினைச்சொல் அட்டவணையைக் கொப்பியில் பார்த்து எழுதுவதிலும், பாடநூற் பந்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதிலுமே கழிகிறது.

விதிகளை மனனம் செய்வதால் அல்ல, விளங்கக்கூடிய செய்திகளைக் கேட்பதாலும் வாசிப்பதாலுமே ஒரு மொழி நமக்குள் படிகிறது என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1970களின் பிற்பகுதியிலிருந்தே வலியுறுத்தி வருகிறார். பிள்ளை அறிந்ததற்கு ஒரு படி மட்டும் மேலேயுள்ள மொழியைப் படம், சைகை, சூழல் ஆகியவற்றின் துணையோடு விளங்கச் செய்தால் அந்தப் படியைப் பிள்ளை தானாகவே ஏறிவிடும் என்பதும், பயமும் கூச்சமும் நிறைந்த வகுப்பில் காதில் விழுவது மனதில் இறங்காது என்பதும் அவருடைய கருத்துகள். அவருக்கு முன்னரே, 1960களில், ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர், கட்டளையைக் கேட்டு எழுந்து, நடந்து, கதவைத் திறந்து உடலால் விடையளிக்கும் முறையை வகுத்திருந்தார். அதைக் கதை சொல்லலாக விரித்தவர் கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி கற்பித்த பிளேன் ரே என்ற பாடசாலை ஆசிரியர்.

எமது வகுப்பறையில் இது எப்படி அமையும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிரெட்ரிக் கோட்டை மான்களைப் பார்த்திராத பிள்ளை இந்த நகரில் இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மானையும் ஒரு புத்தகத்தையும் கீறி, 'முவா பொத கேவா' என்று ஆறுதலாகச் சொல்லி, வாயை அசைத்து மென்று காட்டுகிறார். மான் புத்தகத்தைத் தின்றுவிட்டது என்று எவரும் தமிழில் சொல்லாமலே வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிடுகிறது. பின்னர் கேள்விகள் தொடங்குகின்றன. 'கவுத கேவே?' தின்றது யார்? 'முவா' என்கிறார்கள். 'ஹரகா கேவத?' மாடா தின்றது? 'நே' என்று கூச்சலே எழுகிறது. 'பொத கேவத, பத் கேவத?' புத்தகமா, சோறா? 'காகே பொதத?' யாருடைய புத்தகம் என்று கேட்டதும், பின்வரிசையில் இருக்கும் ஒரு நண்பனின் பெயரைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். ஒற்றைச் சொல் விடை போதும், தலையசைத்தாலும் போதும். மணி அடிப்பதற்குள் 'கேவா' என்ற வினைச்சொல்லைப் பல பத்துத் தடவை கேட்டிருப்பார்கள். மறுநாள் அதே கதை அரைப் பக்க வாசிப்பாக அவர்களிடம் வருகிறது.

பேச்சுச் சிங்களத்தில் 'மம கேவா, ஒயா கேவா, முவா கேவா' என்று வினை தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஏற்ப மாறாமல் நிற்கிறது. சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டது என்று பழகிய எமது பிள்ளைகள் இதைக் கதைகளில் கேட்டே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் அட்டவணை போட வேண்டியதில்லை.

வாசிப்பின் பயனுக்கு பிஜித் தீவுகளே சான்று. 1980களின் தொடக்கத்தில் வொரிக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளுக்குப் படங்கள் நிறைந்த ஆங்கிலக் கதைப்புத்தகங்களை ஏராளமாகக் கொடுத்து ஆராய்ந்தார்கள். வழக்கமான முறையில் கற்ற மாணவர்களைவிட அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் வேகமாக முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் பின்னர் எழுத்திலும் இலக்கணத்திலும்கூடத் தென்பட்டது. எமது பாடசாலைகளிலோ தரம் 6 மாணவன் தானாக வாசித்து விளங்கக்கூடிய எளிய சிங்களக் கதைப்புத்தகம் கிடைப்பதே அரிது. கிடைப்பதும் அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்த முறைக்கு எதிரான வாதத்தையும் நான் மதிக்கிறேன். கனடாவில் பிரெஞ்சு மொழிமூலம் பல ஆண்டுகள் கற்ற ஆங்கிலப் பிள்ளைகள் கேட்டு விளங்குவதில் சிறந்து விளங்கியும் பேச்சிலும் எழுத்திலும் பிழைவிட்டதைக் கண்ட கனடிய மொழியியலாளர் மெரில் சுவெய்ன், பேசவும் எழுதவும் வாய்ப்புக் கொடுக்காமல் மொழி முழுமை பெறாது என்று 1985இல் வாதிட்டார். அது நியாயமான வாதம். ஆனால் அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் மணிக்கணக்காக அந்த மொழியைக் கேட்டவர்கள். எமது பிள்ளைகளுக்கோ கேட்கவே கிடைப்பதில்லை; கேளாத மொழியில் பேசு என்று எழுப்பி நிறுத்தினால் அவர்கள் தலைகுனிந்துதான் நிற்பார்கள்.

ஆசிரியர் பற்றாக்குறையும், கற்பிப்பவர்களில் சிலருக்கே அந்த மொழியில் சரளமாகப் பேச வராமையும் உண்மையான தடைகள். பயிற்சி அமர்வுகளில் பாடத்திட்ட விளக்கத்துக்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, ஆசிரியர்கள் அந்த மொழியில் கதை சொல்லிப் பழகுவதற்கு ஒதுக்கலாம். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் சிங்களமொழிமூலப் பாடசாலைகளும் இதே நகரில் இருக்கின்றன. அவர்களது ஆசிரியர்களும் நாமும் கதைகளை ஒலிப்பதிவு செய்து பரிமாறிக்கொள்ள ஒரு கைத்தொலைபேசி போதும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. 2007ஆம் ஆண்டின் சுற்றறிக்கைக்குப் பின்னர் அரச சேவையில் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டியிருக்கிறது. பாடசாலையிலேயே பெற்றிருக்க வேண்டிய தேர்ச்சிக்காக, வேலை கிடைத்த பிறகு வார இறுதி வகுப்புகளில் அவர்கள் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

எனவே எமது வலயக் கல்விப் பணிமனையிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். விருப்பமுள்ள சில பாடசாலைகளில் தரம் 6 வகுப்பொன்றில் ஓராண்டு இந்த முறையில் கற்பிக்க அனுமதி தாருங்கள். அந்த வகுப்புக்குப் பாடநூலை முடித்தாக வேண்டும் என்ற நெருக்குதல் வேண்டாம். முதலாம் தவணையிலிருந்தே பரீட்சையில் பாதிப் புள்ளிகளைக் கேட்டு விளங்குவதற்கும் வாசித்து விளங்குவதற்கும் ஒதுக்குங்கள். ஆண்டிறுதியில் அப்பிள்ளைகளையும் வழக்கமான வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கதையைக் கேட்கவைத்து ஒப்பிட்டு, பெறுபேற்றைப் பெற்றோருக்கு அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மொழி ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.