பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு உண்டு', உள்ளே வேறு சில்லு

அனுப்புநர்: உங்கள் யுஎஸ்பி வைஃபை அடாப்டரை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் என்று அச்சிட்டு விற்கப்பட்ட வைஃபை அடாப்டர் இயங்காதது; பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை ஐந்து வாரங்களுக்கு முன் வாங்கினேன். பெட்டியின் பின்புறம் 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று அச்சிட்டிருந்ததால்தான் வாங்கினேன். முன்கூட்டியே, அதே மாடலை லினக்ஸில் பயன்படுத்துபவர்களிடமும் விசாரித்தேன். செருகியதுமே வேலை செய்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பொருள் வேறு, எனக்குக் கிடைத்த பொருள் வேறு.

கணினியில் செருகினேன். வைஃபை பட்டியலில் எதுவும் வரவில்லை. கோப்பு மேலாளரில் ஒரு குறுந்தகடுதான் தோன்றியது. அதற்குள் விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு மட்டும் இருந்தது. உங்கள் அடாப்டர் முதலில் தன்னைக் குறுந்தகடாகக் காட்டிக்கொள்ளும், அந்தத் தகட்டை வெளியேற்றினால்தான் வைஃபை கருவியாக மாறும் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெளியேற்றிய பிறகு சாதனத்தின் அடையாள எண் மாறியது. அப்போதும், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் எதுவும் அதை ஏற்கவில்லை. அந்த எண்ணை வைத்துத் தேடியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இந்த மாடலின் முதல் பதிப்பில் இருந்த சில்லை (சிப்) எடுத்துவிட்டு, வேறொரு தயாரிப்பாளரின் சில்லை வைத்திருக்கிறீர்கள். மாடல் எண்ணும் பெட்டியும் அப்படியே இருக்கின்றன. அடாப்டரின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில், வரிசை எண்ணை ஒட்டி, இரண்டாம் பதிப்பு என்பதற்கு 'வி2' என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறது. கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் என்னால் படிக்க முடிந்தது. அந்த ஸ்டிக்கரும் உறையைப் பிரித்த பிறகே கண்ணில் படும். வாங்க வருபவர் இதை எப்படித் தெரிந்துகொள்வார்?

உங்கள் இணையதளத்தில் இருந்த டிரைவரையும் முயன்று பார்த்தேன். அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6.18 முதல் 4.4 வரையிலான பதிப்புகளுக்கானது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. என் கணினியில் இருப்பது 6 வரிசைக் கெர்னல். மூல நிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கத் தொடங்கியதுமே பிழைச் செய்திகள் திரை முழுக்க ஓடின. அவற்றில் ஒன்று, 'இனிட்_டைமர்' என்ற செயற்கூறு இல்லை என்றது. 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலிலேயே நீக்கப்பட்டுவிட்ட செயற்கூறு அது. அன்றிலிருந்து இந்தக் கோப்பை உங்கள் பொறியாளர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். 'விண்டோஸில் செருகிச் சோதித்துப் பாருங்கள்' என்று முதல் பதில் வந்தது. என் கணினியில் விண்டோஸ் இல்லை என்பதை என் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே சொல்லியிருந்தேன். மறுபடியும் எழுதியதற்கு, லினக்ஸ் சமூகத்தை அணுகும்படி பதில் வந்தது. இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. அந்தச் சமூகத்தில் இருப்பவர்கள் என்னிடம் ஒரு காசும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் நீங்கள்.

கடைசியில் கைகொடுத்தவர்களும் அவர்கள்தான். முகம் தெரியாத சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் உங்கள் டிரைவரைத் திருத்திப் புதிய கெர்னல்களுக்கு ஏற்ப வைத்திருக்கிறார்கள். அதைத் தொகுத்தேன். நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் அனுமதிக்கும் 'பாதுகாப்பான துவக்கம்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்ததால், கையொப்பம் இல்லாத அந்த டிரைவரைக் கெர்னல் ஏற்க மறுத்தது. கையொப்பமிடச் சொந்தமாக ஒரு டிஜிட்டல் சாவியை உருவாக்கி, கணினியை மறுபடி துவக்கி, நீலத் திரையில் கடவுச்சொல் கொடுத்துப் பதிவு செய்தேன். அன்றிரவு வைஃபை வந்தது. மூன்று வாரங்கள் ஓடியது. பிறகு கெர்னல் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் புதிய கெர்னலில் டிரைவர் தொகுபடவில்லை, வைஃபை போயிற்று. திருத்தத்தைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ அந்த அடாப்டர் வேண்டும். கைபேசியைக் கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு சரிசெய்தேன். இவற்றையெல்லாம் செய்யத் தெரியாத ஒருவர் இதை வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கெர்னலின் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். அது அதன் இயல்பு. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தால், மாற்றம் செய்பவரே அதையும் கூடவே திருத்திவிடுவார். வெளியே விடப்பட்ட டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு உள்ள பழைய அடாப்டர் ஒன்று என் நண்பரிடம் இருக்கிறது. அதன் டிரைவர் கெர்னலோடேயே வருகிறது. சில்லுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் மூல நிரலையும் 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதை அதே கணினியில் செருகிப் பார்த்தேன். நான் எதையும் நிறுவாமலே, சில நொடிகளில் என் ரூட்டரின் பெயர் திரையில் வந்துவிட்டது. 'லினக்ஸ் ஆதரவு' என்ற சொல்லுக்கு நான் புரிந்துகொண்ட பொருள் இதுதான்.

ஆகவே, அடாப்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பொருள் வேண்டாம். அதற்குள் எந்தச் சில்லு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இனி அச்சிடும் பெட்டிகளின் வெளிப்புறத்திலேயே பதிப்பு எண்ணையும் சில்லின் பெயரையும் போடுங்கள். எந்தக் கெர்னல் பதிப்பு வரை இயங்கும் என்பதையும் குறிப்பிடுங்கள். டிரைவரைக் கெர்னலில் சேர்க்கும் பணியை உங்கள் பொறியாளர்களிடம் ஒப்படையுங்கள். அதுவரை இரண்டாம் பதிப்பின் பெட்டியில் லினக்ஸ் என்ற சொல் இருக்கக் கூடாது.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஸ்டிக்கரின் பெரிதாக்கப்பட்ட படம், பெட்டியின் பின்புறப் படம், தொகுப்புப் பிழைகளின் பதிவு, உதவிப் பிரிவு அனுப்பிய இரண்டு பதில்கள்.