பள்ளி பள்ளி

சொங்னாம், தென் கொரியா, அக்டோபர் கடைசி

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே ஜின்கோ மரங்கள் மஞ்சளாகிவிட்டன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் கீழே உதிர்ந்த கொட்டையை மிதித்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் செருப்பு நாறும். என் செருப்பு இப்போது அறைக்கு வெளியேதான் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர் கொரியக் கம்பெனியில் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுவிட்டுக் கொரியவியலில் முனைவர் பட்டம் செய்யப் போகிறாய். 36 வயதில் உனக்கென்ன பைத்தியமா என்று வீட்டில் கேட்கிறார்களாம். நான் கேட்க மாட்டேன். நானே 33இல் கிளம்பி வந்தவள்.

நீ இரண்டு பக்கத்துக்குக் கேட்டிருப்பது காசைப் பற்றித்தான். நம் ஊரிலேயே செய்வதென்றால் டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் கொரிய மொழிக்குத் தனி மையம் இருக்கிறது. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அப்புறம் 42,000. ஆனால் அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. ஒரே ஒரு வருஷத்தில் விட்டுவிட்டாயே! அமெரிக்காவில் கொரியவியல் பெரும்பாலும் கிழக்காசிய மொழித் துறைகளுக்குள் ஒரு மூலையில் இருக்கும். நல்ல இடங்களில் ஐந்தாண்டு பணம் தருவார்கள், கூடவே ஜப்பானிய மொழியோ செவ்வியல் சீனமோ கேட்பார்கள். அதனால் உனக்குத் தோதானது கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகைதான். 40 வயதுக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நம் பல்கலைக்கழகங்கள் கஞ்சத்தனமாக மார்க் போடுவதால் பாதிப் பேர் இந்த 80இலேயே விழுந்துவிடுகிறார்கள். உனக்கு 82, தப்பித்தாய்.

தூதரகம் வழியாகவும் போடலாம், பல்கலைக்கழகம் வழியாகவும் போடலாம். இரண்டிலும் போட்டால் இரண்டும் போச்சு. தூதரகம் வழி என்றால் மூன்று பல்கலைக்கழகங்களைக் குறிப்பிடலாம். விமானக் கட்டணம், படிப்புக் கட்டணம், மாதச் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். முதலில் ஓராண்டு மொழிப் பயிற்சி, அதன்பின் மூன்றாண்டு பிஎச்டி. டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் ஐந்தாம் நிலை இருந்தால் அந்த ஓராண்டு வேண்டாம், மாதம் 1 லட்சம் வோன் கூடுதலாகவும் வரும். "என்னிடம்தான் ஐந்து இருக்கிறதே" என்று துள்ளாதே. அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும். உன்னுடையது 2019. மறுபடி எழுது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் சொல்லாதது. பணம் மூன்றாண்டுக்குத்தான், ஆய்வேடு மூன்றாண்டில் முடியாது. வகுப்புகள், விரிவுத் தேர்வு, அதற்குமேல் பல துறைகளில் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது கொரிய மொழியில் வெளிவந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டை நான் மொழிபெயர்ப்பு வேலை செய்துதான் ஓட்டினேன். மாணவர் விசாவில் வேலை பார்ப்பதற்குக் குடிவரவு அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வா.

இப்போது உன் ஆய்வுத் தலைப்பு. கோபப்படாமல் கேள். கடல் கடந்து வந்து கொரிய மன்னனை மணந்ததாகச் சொல்லும் ஹோ ஹ்வாங்-ஓக் தமிழ் இளவரசியா என்று எழுதிக் கொண்டு வராதே. போன பருவத்தில் சம்குக் யூசா என்ற பழைய கொரிய நூலில் அவள் கதை வரும் பகுதியை வரிவரியாகப் படித்தோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வாரம். எல்லாம் சீன எழுத்து, கொரிய மொழி மட்டும் தெரிந்தால் ஒரு வரிகூட நகராது. சிவப்புப் பாய் விரித்த கப்பலில் வந்து இறங்குகிறாள், "நான் அயுத நாட்டு இளவரசி" என்கிறாள். வயது சொல்லும் இடத்தில் 'இரண்டு எட்டு' என்று இருந்தது. பக்கத்தில் இருந்த மங்கோலியப் பையன் 28 என்று படித்தான். நான் சிரித்துவிட்டேன். ஈரெட்டு, பதினாறு! நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்கு எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் வந்ததாகச் சொல்லும் ஆண்டு கி.பி. 48. இர்யோன் துறவி அதைத் தொகுத்தது 13ஆம் நூற்றாண்டில். நடுவே ஆயிரத்து இருநூறு வருஷம். அதை வைத்து அயுத நாடு அயோத்திதான் என்றும் நிரூபிக்க முடியாது, கன்னியாகுமரிதான் என்றும் நிரூபிக்க முடியாது. தமிழிலும் கொரிய மொழியிலும் 'அப்பா, அம்மா' ஒன்றுபோல ஒலிக்கும் ஒற்றுமையும் அப்படித்தான். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய, திராவிட இலக்கணங்களை ஒப்பிட்டுப் புத்தகமே போட்டுவிட்டார். மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.

உன் தலைப்பு உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், நீ சிரிப்புக்காக எழுதிய இடத்தில் இருக்கிறது. உன் கொரிய மேனேஜர் "பள்ளி பள்ளி" என்று கத்த, புதிதாகச் சேர்ந்த பையன் "எந்தப் பள்ளி சார்?" என்று கேட்டானே, அங்கே. கொரிய மொழியில் சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தமான அதை நீ "கொஞ்சம் வேகமாப் பண்ணுங்க" என்று மாற்றிச் சொன்னாய். மேனேஜர் தன்னைவிட வயதில் மூத்த ஃபோர்மேனிடம் மரியாதை இல்லாத வினைமுடிவில் பேசுகிறார், நீ அதை 'வாங்க, போங்க'வில் இறக்குகிறாய். யார் சொல்லி அப்படிச் செய்கிறாய்? என்றைக்காவது 'வா, போ' என்றே சொல்லியிருக்கிறாயா? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய ஹூண்டாய் கம்பெனியின் கார் ஓடி வருகிறது. இத்தனை வருஷம் இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று மரியாதையைக் கூட்டிக் குறைத்த உன்னைப் போன்றவர்களைப் பற்றி எழுத, சியோலில் உட்கார்ந்திருக்கும் யாராலும் முடியாது. இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் போடு. தேதி, அவர் சொன்னது, நீ சொன்னது. ஆட்களின் பெயர் வேண்டாம்.

ஜிகேஎஸ் அறிவிப்பு பிப்ரவரி வாக்கில் வரும், அதற்கப்புறம் மூச்சுவிட நேரம் இருக்காது. பட்டச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அபோஸ்டில் என்ற அரசு முத்திரை வாங்குவதற்குத்தான் அலைச்சல். உன் எம்.ஏ. சான்றிதழைக் கடைசியாக உன் அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பார்த்த ஞாபகம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் எடு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லி, அரைக் கிலோ புளியும் வாங்கி அனுப்பு. இங்கே கிடைக்கும் புளியில் ரசம் வைத்தால் ஜாம் மாதிரி இனிக்கிறது.

உன்
தேன்மொழி