ஜிலேபி மீன் கொச்சைப் பெயர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தில் வந்த மீன் குழம்புக் குறிப்பு நன்றாக இருந்தது. ஆனால் 'ஜிலேபி என்று கொச்சையாக அழைக்கப்படும் திலாப்பியா' என்று எழுதியிருந்ததைத்தான் மனசு ஒப்பவில்லை. எங்கள் மேட்டூரில் விற்பவரும் வாங்குபவரும் சொல்லும் பெயர் ஜிலேபிதான்.

சரி, திலாப்பியா மட்டும் எங்கிருந்து வந்தது? போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசும் ஸ்வானா மொழியில் 'ட்லாபி' என்றால் மீன். எந்த மீனுக்கும் பொதுவான சொல் அது. 1840இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர் அதை லத்தீன் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றி, ஒரு மீன் பேரினத்துக்குத் திலாப்பியா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நம் ஊர் வாயில் ஜிலேபி ஆயிற்று. அவர் மாற்றினால் அறிவியல், நம் மீன்காரர்கள் மாற்றினால் கொச்சை என்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு தென்னிந்திய அணைகளிலும் விடப்பட்ட இந்த மீன், இன்றைய அறிவியல் கணக்கில் திலாப்பியா பேரினத்திலேயே இல்லை. அதன் பெயர் ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ். 'ஒரியோ' என்பது கிரேக்கத்தில் மலையைக் குறிக்கும். கிளிமஞ்சாரோ மலைச் சரிவில் இருக்கும் சாலா ஏரியின் மீனுக்காக 1889இல் உண்டான பேரினப் பெயர் அது.

இந்த மீன் போன இடமெல்லாம் பெருகியதற்குக் காரணம் அதன் வாய். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும், ஆபத்து என்றால் திரும்ப அந்த வாய்க்குள்தான் ஓடிப் புகும். வலையிலிருந்து எடுக்கும்போது சில மீன்களின் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகள் உதிரும். அப்படிப் பெருகிப் பரவியதால் ஊருக்கு ஒரு பெயரும் வந்தது. இந்தோனேசியாவில் அதை 'முஜாயிர்' என்கிறார்கள். ஜாவாவில் அதைக் குளத்தில் வளர்த்துக் காட்டியவரின் பெயர் அது. தைவானுக்கு 1946இல் சிங்கப்பூரிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுபோனவர்கள் இரண்டு பேர். அவர்களுடைய குடும்பப் பெயர்களான ஊ, குவோ இரண்டையும் சேர்த்து அங்கே 'ஊ குவோ மீன்' என்றே வழங்குகிறார்கள். அந்தப் பெயர்களை அந்த நாட்டுக்காரர்கள் மரியாதையோடு அச்சில் போடுகிறார்கள்.

திருத்தித்தான் ஆகவேண்டும் என்றால் 'ஜிலேபிக் கெண்டை'யில் வரும் கெண்டையைத் திருத்தலாம். கெண்டை வேறு குடும்பம். ஜிலேபிக்கு இந்தப் பக்கத்துச் சொந்தம் கேரளத்துக் கரிமீன். அதைக்கூட நான் வற்புறுத்தமாட்டேன். சொல்லிப் பழகிய பெயர்.

அடுத்த குறிப்பில் தயவுசெய்து ஜிலேபி என்றே போடுங்கள். அதைப் படித்துவிட்டு மீன் வாங்கப் போகிறவர் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கப்போகிறார்.

இப்படிக்கு,
மேட்டூர் வாசகர்