மழைக்கு முன்னாலேயே சொல்லுங்கள்: கடலூர், புதுச்சேரிக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும்,

வணக்கம். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் கலை அறிவியல் கல்லூரிகளை நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். இளநிலை மாணவர்களின் ஆய்வு வாய்ப்புகளையும் உதவித்தொகை விண்ணப்பங்களையும் கவனிக்கிற பொறுப்பை ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள். இருக்கிற வேலைக்கு மேல் இன்னொரு சுமையாகக் கொடுக்க வேண்டாம். அவருடைய வகுப்பு நேரத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைக் குறைத்து, டைம் டேபிளிலேயே எழுதிக் கொடுங்கள்.

நான் இந்தப் பகுதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தவள். இப்போது வெளியூரில் ஆய்வு மாணவி. ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் மதிப்பெண் குறைந்ததால் வாய்ப்பை இழப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கடைசித் தேதி முடிந்த பிறகு "அக்கா, இதுக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்பவர்கள் அதைவிட நிறைய.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆய்வு உதவித்திட்டம் ஒன்றை நடத்துகின்றன. அதில் பெங்களூரு அகாடமி சர் சி.வி. ராமன் 1934இல் நிறுவியது. தேர்வான மாணவர் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானி ஒருவரோடு வேலை செய்யலாம். மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. இதில் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதை உங்கள் துறைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? ஓர் ஆசிரியர் ஒரு கோடையை ஓர் ஆய்வகத்தில் கழித்துவிட்டு வந்தால், அடுத்த ஆண்டு அந்தத் துறை மாணவர்களுக்கு வழிகாட்ட வெளியில் ஆள் தேட வேண்டியிருக்காது.

இது ஒன்று மட்டும் இல்லை. பெங்களூருவில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் கோடைத் திட்டம் நடத்துகிறது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் ஐ.ஐ.டி. என்று பட்டியல் நீளும். கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு 1993 முதல் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி நடக்கிறது. சிலவற்றுக்கு ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பம். அகாடமிகளின் திட்டத்துக்கு மட்டும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும்.

நம் ஊருக்கு அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். கனமழை விடுமுறை, கரண்ட் கட், கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் வெள்ளம், வீட்டுக்குள் தண்ணீர். கல்லூரி மூடியிருக்கும்; ஹெச்.ஓ.டி. கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. மதிப்பெண் பட்டியல் ஸ்கேன் செய்யக் கடை திறந்திருக்காது. மற்ற ஊர் மாணவர் நவம்பரில் நிதானமாக உட்கார்ந்து செய்கிற வேலையை நம் மாணவர் செப்டம்பரிலேயே பாதி முடித்து வைத்திருக்க வேண்டும். அதை அவர்களுக்கு யாராவது செப்டம்பரில் சொன்னால்தானே முடியும்?

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் கண்ணில் படுகிற கடிதங்கள் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கின்றன: "இம்மாணவி எங்கள் கல்லூரியில் மூன்றாமாண்டு பயில்கிறார். நன்னடத்தை உடையவர். ஒழுக்கமானவர். வகுப்புக்குத் தவறாமல் வருவார். அவருடைய எதிர்கால முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்." இது நடத்தைச் சான்றிதழ். ஆய்வகத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கிற விஞ்ஞானிக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்காது. அந்தப் பெண் ஆய்வகத்தில் என்ன செய்வாள், தெரியாததை எப்படிக் கையாள்வாள் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

ஒரு வேதியியல் ஆசிரியர் எழுதிய கடிதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. டைட்ரேஷன் வகுப்பில் விடை ஒத்துவராதபோது மற்றவர்கள் பக்கத்து மேசை எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள், இந்த மாணவி மட்டும் பியூரெட்டைக் கழுவிவிட்டு முதலிலிருந்து செய்தாள், அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டாள் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அங்கங்கே இலக்கணப் பிழை இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்தவர் எழுதிய கடிதம் அது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நம் ஆசிரியர்களால் இப்படி எழுத முடியும். பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். என்ன எழுத வேண்டும் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல துறைகளில் செய்முறை வகுப்பு எடுப்பது கௌரவ விரிவுரையாளர்கள். மாணவரை நெருக்கமாகப் பார்ப்பவர் அவர். ஆனால் அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் கிடையாது, லெட்டர்ஹெட்டில் எழுத அனுமதி கிடையாது. அதனால் மாணவரின் பெயரே தெரியாத ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். கல்லூரி மின்னஞ்சல் ஒன்றை உருவாக்கிக் கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. தயவுசெய்து கொடுங்கள்.

அடுத்து, மாணவர் தன்னைப் பற்றி எழுத வேண்டிய பகுதி. பிள்ளைகள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். தாழங்குடாப் பக்கத்துப் பெண் ஒருத்தி அனுப்பிய முதல் வரைவில் "சிறு வயது முதலே அறிவியலில் தீராத ஆர்வம் கொண்டவள் நான்" என்று இருந்தது. அது அவளுடைய வரி இல்லை, எங்கிருந்தோ எடுத்தது. சரி, வீட்டில் என்ன வேலை என்று போனில் கேட்டேன். அம்மா கருவாடு போடுகிறாராம். அப்புறம் அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள். மூட்டம் போட்ட நாளில் காயவைத்த வாளையில் புழு வைத்துவிடும், அதே நாள் காயவைத்த நெத்திலியில் வைக்காது. உப்பைக் கூட்டினால் புழு குறையும், ஆனால் வியாபாரி விலையைக் குறைப்பான். ஒரு முறை வாளையைத் தரையில் தார்ப்பாய் போட்டும், பழைய வலையைக் கம்பில் கட்டி அதன் மேல் போட்டும் காயவைத்துப் பார்த்திருக்கிறாள். வலையில் போட்டது சீக்கிரம் காய்ந்ததாம், ஈயும் குறைவாம். எத்தனை மணி நேரம் ஆனது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

இதில் ஒரு வரிகூட அவளுடைய விண்ணப்பத்தில் இல்லை. "இதெல்லாம் எழுதலாமா அக்கா? கருவாடுன்னு போட்டா சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். ஒப்பிட்டுப் பார்ப்பது, அளப்பது, குறித்து வைப்பது எல்லாவற்றையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்த பெண் அவள். அதற்குப் பெயர் ஆராய்ச்சி என்று மூன்று வருடத்தில் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இந்த உரையாடல் அவளுடைய கல்லூரியிலேயே, முதலாம் ஆண்டிலேயே நடந்திருக்க வேண்டும். நான் கேட்கிற அந்த இரண்டு மணி நேரம் இதற்குத்தான். படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அதில் சிறு பகுதி. எதிரே உட்காரவைத்து, நீ எதைப் பார்த்தாய், எது உனக்குப் புரியவில்லை என்று கேட்கிற ஆள் வேண்டும்.

நம் கடற்கரையில் ஆய்வுக்கு விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு, கரையோரத்து மரங்கள் கிராமங்களை எந்த அளவுக்குக் காத்தன என்று கடலூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு அடுத்த ஆண்டே 'சயின்ஸ்' இதழில் வந்தது. பிச்சாவரம் அலையாத்திக் காடு நம் பக்கத்தில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. புதுச்சேரியில் கொசுவால் பரவும் நோய்களை ஆராயும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) மையம் 1975 முதல் இயங்குகிறது. விலங்கியல் மாணவர் பெங்களூருவுக்குப் போய்த்தான் ஆராய்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாம். ஆனால் தனியாகப் போய் வாசலில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையை யாரும் உள்ளே அழைக்க மாட்டார்கள். கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும், பொறுப்பாசிரியரின் ஒரு போன் அழைப்பும் வேண்டும்.

கலைப் பாடப் பிள்ளைகளை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. அங்கே உள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு செய்த இடம் ஆட்டோவில் போகிற தூரம். வரலாறும் தமிழும் படிக்கிற நம் மாணவர்களில் எத்தனை பேர் ஒரு சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளும் நிறைய. பிரான்சில் உள்ள ஆய்வகங்களில் சில மாதம் வேலை செய்ய, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் பெயரில் பிரெஞ்சுத் தூதரகம் உதவித்தொகை தருகிறது. அறிவியலும் பிரெஞ்சும் சேர்ந்து தெரிந்த மாணவர்கள் நம் ஊரில் இருக்கும்போது, அந்தப் பெயர்கூட அவர்கள் காதில் விழாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

உதவித்தொகை விஷயத்தில் கல்லூரியின் பங்கு இன்னும் நேரடியானது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் மாணவர் எவ்வளவு சரியாக விண்ணப்பித்தாலும், கல்லூரியின் பொறுப்பு அலுவலர் குறித்த தேதிக்குள் சரிபார்த்து அனுப்பினால்தான் அது அடுத்த கட்டத்துக்குப் போகும். அவர் லாகின் செய்ய மறந்தால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பணம் போய்விடும். அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகையை வாங்குகிற மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைகால ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. வழிகாட்ட ஒரு ஆய்வாளர் கிடைக்காமல் அந்தப் பகுதியை விட்டுவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இதை மாணவரின் தனிப்பட்ட சாமர்த்தியத்துக்கு விடுவதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 1969இலேயே இளநிலை மாணவர்களை ஆசிரியர்களின் ஆய்வில் சேர்க்கத் தனித் திட்டம் தொடங்கியது. அறிவியல் மாணவர்களுக்கான கோல்ட்வாட்டர் உதவித்தொகைக்குக் கல்லூரிதான் மாணவரை முன்மொழிய வேண்டும். அதற்கென்றே வளாகப் பிரதிநிதி ஒருவர் இருப்பார். அவர்களிடம் இருக்கிற பணம் நம்மிடம் இல்லை, உண்மைதான். ஆனால் இன்னார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி ஒட்டப் பணம் தேவையில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. பல கல்லூரிகளில் காலியிடங்களால் அது இன்னும் கூடுகிறது என்பதும் தெரியும். அதனால்தான் இரண்டு மணி நேரத்தைக் கழித்துக் கொடுங்கள் என்கிறேன். "ஆர்வம் இருக்கிறவர் செய்யட்டும்" என்று விட்டால், ஆர்வம் உள்ள அந்த ஒருவர் இடமாற்றத்தில் போனதும் எல்லாம் நின்றுவிடும்.

அந்தப் பொறுப்பாசிரியர் பெற்றோரிடமும் பேச வேண்டியிருக்கும். பெண் பிள்ளையை இரண்டு மாதம் வெளியூருக்கு அனுப்ப அப்பா யோசிப்பார். தங்கும் இடம் எது, யாருடைய ஆய்வகம், பணம் எப்போது வரும் என்று கல்லூரியிலிருந்து ஒருவர் பேசினால் அந்த வீட்டில் நிலைமை மாறும். தேர்வான பிறகு கல்லூரியில் ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) கிடைக்காமலும், செமஸ்டர் தேர்வு மே மாதக் கடைசி வரை இழுத்ததாலும் போகாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். தேர்வு அட்டவணை பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அவர்கள் காது கொடுப்பார்கள்.

புதுச்சேரிப் பக்கம் நான்காண்டுப் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. நான்காம் ஆண்டில் ஆய்வோடு ஆனர்ஸ் படிக்க முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும் என்பது யுஜிசி வரையறை. மூன்றாம் ஆண்டு முடிவில் இதைச் சொன்னால் என்ன பயன்? சேர்க்கை முடிந்த வாரத்திலேயே சொல்ல வேண்டும்.

அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பொறுப்பாசிரியரின் பெயரையும் அவர் இருக்கும் அறையையும் நேரத்தையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஏற்கெனவே தேர்வான சீனியர்களின் விண்ணப்பங்களை அவர்கள் அனுமதியோடு ஒரு ஃபைலில் போட்டு நூலகத்தில் வையுங்கள். பொறுப்பாசிரியரை நியமிக்கிற கல்லூரி எதுவானாலும், இந்தப் பகுதியிலிருந்து ஆய்வுக்குப் போன சிலர் சேர்ந்து அக்டோபர் மாதச் சனிக்கிழமைகளில் நேரில் வந்து, மாணவர்களின் வரைவுகளைப் படித்துத் தரத் தயாராக இருக்கிறோம். கடிதம் எழுதுகிற ஆசிரியர்களோடும் உட்கார்ந்து பேசுகிறோம். பயணச் செலவு எங்களுடையது. ஓர் அறையும் கரண்ட் போனாலும் அணையாத இணைய இணைப்பும் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
இந்தக் கடற்கரையில் விலங்கியல் படித்த பழைய மாணவி ஒருத்தி