இல்ல விளையாட்டுப் போட்டியை நிறுத்துவதா? பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

திருகோணமலை
19.01.2026

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். பெப்ரவரி 6 வெள்ளிக்கிழமை நடப்பதாக இருந்த, பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டி அன்று நடக்காது. மார்ச் 27 வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு, நமது மைதானத்திலேயே நடக்கும். இதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் கடிதத்தை இத்தோடு மடித்து வைக்கலாம். மற்றவர்களுக்கு, முக்கியமாக பொங்கலுக்கு முன் நடந்த கூட்டத்தில் கோபித்துக்கொண்டு எழும்பிப் போன இரண்டு தந்தையருக்கும், காரணத்தைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் எழும்பியவர் வெருகல் பக்கத்தவர். "ஆத்தோட மாடு போனவனிட்ட வந்து நூறு மீற்றர் ஓட்டத்தப் பற்றிக் கதைக்கிறீங்களே சேர்" என்றார். இரண்டாமவர் நகரத்தில் இருப்பவர். மகள் இரண்டு வருடமாக உயரம் பாய்தலுக்குப் பயிற்சி எடுக்கிறாள். "எங்கட வீட்டுக்கு வெள்ளம் வரேல்ல எண்டதுக்காக என்ர பிள்ளைக்குத் தண்டனையா?" என்று கேட்டார். ஒருவர் முன்வாசலாலும் மற்றவர் பின்வாசலாலும் போனார்கள். இருவர் சொன்னதும் சரி என்பதுதான் எனக்கு வந்த சங்கடம்.

நவம்பர் கடைசியில் நடந்ததை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மத்திய மலைநாட்டில் பெய்யும் மழை மகாவலியால் இறங்கி நமது கொட்டியாரக் குடாவுக்குத்தான் வந்து சேர வேண்டும். டித்வா புயல் மலையில் கொட்டியதை மூதூரும் கிண்ணியாவும் வெருகலும் வாங்கிக்கொண்டன. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நமது மண்டபத்தில் குடும்பங்கள் படுத்திருந்தன. மைதானத்தின் மேற்கு மூலையில் கிடாரம் வைத்துச் சமைத்த கருப்பு வட்டங்கள் இன்னும் அழியவில்லை. தண்ணீர் பவுசர் வந்துபோன சில்லுத் தடம் இருநூறு மீற்றர் வளைவைக் குறுக்கே வெட்டிக் கிடக்கிறது. அந்தத் தடத்தைப் பார்த்து உடற்கல்வி ஆசிரியர் பெருமூச்சு விட்டார். எனக்கென்னவோ இத்தனை வருடத்தில் அந்த மைதானம் செய்த நல்ல வேலை அதுதான் என்று பட்டது.

தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும் வரைக்கும் பக்கத்துக் கோயிலில் மணி அடிக்காது. பூசை நிற்கும், ஒலிபெருக்கி நிற்கும். அதை யாரும் விவாதித்து முடிவெடுப்பதில்லை. ஆனால் பிணம் போன பிறகு கோயில் திறந்துவிடும். செத்த வீட்டுக்காரர் அந்தியேட்டி வரைக்கும், சிலர் ஆண்டுத் திவசம் வரைக்கும் கொண்டாட்டம் தவிர்ப்பார்கள். ஊரை அப்படி இருக்கச் சொல்வதில்லை. ஊரும் அந்த வீட்டு வாசலில் மேளம் அடிப்பதில்லை. இந்தக் கணக்கு நமக்கு ஏற்கெனவே தெரியும். பாடசாலை விளையாட்டுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் நான் தடுமாறினேன்.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2005இல், சுனாமி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம், நான் வேறொரு பாடசாலையில் புதிய ஆசிரியன். பிரதம விருந்தினருக்குத் திகதி கொடுத்தாயிற்று என்று போட்டியை நடத்தினோம். அணிவகுப்புக்கு இல்ல நிறத்தில் ரீசேட் கட்டாயம். முகாமிலிருந்து வந்த ஒரு பையன் நிவாரணத்தில் கிடைத்த ஏதோ ஒரு சட்டையோடு வரிசையில் நின்றான். நிறம் கெடுகிறது என்று அவன் கையைப் பிடித்து வெளியே நிறுத்தியவன் நான். பிறகு 400 மீற்றருக்குப் பெயர் கூப்பிட்டபோது அவன் இல்லை. அன்று விருந்தினர் சாப்பாட்டில் கோழிப் பொரியல் இருந்தது என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே "நடத்துவதா, நிறுத்துவதா" என்று கேட்பதை விட்டுவிட்டு, நடத்தினால் யாரிடமிருந்து எதை எடுக்கிறோம், நிறுத்தினால் யாரிடமிருந்து எதை எடுக்கிறோம் என்று பார்க்கத் தொடங்கினேன்.

2012இல் சான்டி சூறாவளி நியூயோர்க்கை அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மரதன் ஓட்டத்தை நடத்துவதாக மேயர் புளூம்பேர்க் அறிவித்தார். ஓட்டம் தொடங்கும் இடம் ஸ்டேட்டன் தீவு. அங்கேதான் பலர் இறந்திருந்தார்கள். ஊரில் மின்சாரம் இல்லாமல் சனம் இருளில் கிடக்க, சென்ட்ரல் பார்க்கில் மரதனுக்கென்று மின்பிறப்பாக்கிகள் நின்றன. ஓட்டத்தைவிட அந்த இயந்திரங்களைப் பார்த்துத்தான் சனம் கொதித்தது. இரண்டு நாளுக்கு முன் ஓட்டம் இரத்தானது. ஓட வந்தவர்களில் பலர் ஞாயிறன்று பொருட்களைச் சுமந்துகொண்டு ஸ்டேட்டன் தீவுக்கே உதவப் போனார்கள்.

மறுபக்கத்தில் மெல்பேர்ன். சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26 அன்று நமது கிரிக்கெட் அணி நியூசிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தது. மிச்சச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அது சரிதான், வீட்டில் சாவு. ஆனால் 2005 ஜனவரி 10 அன்று மெல்பேர்னில் உலக அணியும் ஆசிய அணியும் மோதின. சுமார் 70,000 பேர் வந்தார்கள், 1.4 கோடி ஆஸ்திரேலிய டொலர் அளவில் நிதி சேர்ந்தது. முரளிதரனும் ஆடினார். சுமார் இரண்டு வாரத்துக்குள் ஒரு ஆட்டத்தை விட்டதும் சரி, இன்னொன்றை ஆடியதும் சரி. அலை அடித்த காலி மைதானமோ 2007 டிசம்பர் வரைக்கும் டெஸ்ட் ஆட்டத்துக்குக் காத்திருந்தது. அங்கே மகேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 213 எடுத்தார். மழை வந்து முடிவில்லாமல் போனது வேறு கதை.

ஆசிரியன் என்ற முறையில் ஜப்பானின் கமைஷியை நான் அடிக்கடி நினைப்பேன். 2011 சுனாமியில் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு பாடசாலைகள் அழிந்தன. ஆனால் அன்று அங்கிருந்த பிள்ளைகள், பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். அந்தக் காணியில்தான் 2019 றக்பி உலகக் கிண்ணத்துக்கு மைதானம் கட்டினார்கள். அங்கே நடக்கவிருந்த இரண்டாவது ஆட்டமான நமீபியா, கனடா ஆட்டம் ஹகிபிஸ் புயலால் இரத்தானது. எட்டு வருடம் காத்திருந்த ஊர். கனடா வீரர்கள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கிச் சேறு வழித்தார்கள்.

தரம் 10 மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், பெப்ரவரி 7 கொழும்பில கிரிக்கெட் உலகக் கிண்ணம் தொடங்குது. அவங்கள் ஆடலாம், நாங்கள் ஆடக்கூடாதா?" நல்ல கேள்வி. அந்தப் போட்டி நாட்டுக்குப் பணம் கொண்டுவரும், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும் முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும் நாலு காசு கிடைக்கும். நமது போட்டி யாருக்கும் ஒரு ரூபாவும் கொண்டுவராது. உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுக்கத்தான் செய்யும். அதனால் அவர்களோடு நம்மை ஒப்பிட முடியாது.

ஆனாலும் முற்றாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நமது போட்டியில் தெரிவானவர்கள்தான் வலயமட்டத்துக்குப் போவார்கள், அங்கிருந்து மாகாணம், பிறகு அகில இலங்கை. பாடசாலையை விட்டுப் போகும் பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் சான்றிதழ் வேலைக்கும் உதவும். பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு வழியாக விசேட அனுமதியும் உண்டு. அந்தச் சான்றிதழை நம்பி இருப்பவர்கள் பெரும்பாலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். மூதூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, வீட்டில் இன்னும் சுவர் காயாத நிலையில், என்னிடம் கேட்டது இதுதான்: "ரெண்டு மாசம் பயிற்சிக்கு வரேல்ல சேர். என்னைப் பேர் குடுக்க விடுவீங்களா?" பெப்ரவரி 6 அன்று நடத்தினால் அவளைத் தோற்கடிப்பது வெள்ளம்தான். நடத்தாமலே விட்டால் அவளுக்குத் தோற்கவும் வாய்ப்பில்லை.

ஏன் மார்ச் 27 என்றால், மண்டபத்தில் தள்ளிப்போன உயர்தரப் பரீட்சை இப்போதுதான் நடக்கிறது, அடுத்தது சாதாரண தரம். பிறகு நோன்பு. நோன்பு பிடிக்கும் பிள்ளையை வெயிலில் ஓடவைக்க முடியாது. பெருநாள் கழிந்தால் எல்லோருக்கும் வசதி. அதற்குள் அழிந்த வயலில் மறுபடி விதைத்தவர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இம்முறை இல்ல அலங்காரம் இல்லை. தென்னோலையும் கடதாசியும் வைத்து இரவிரவாகக் குடில் கட்டுவதில் பழைய மாணவர்களுக்கு இருக்கும் ஆசை எனக்குத் தெரியும். ஒரு வருடம் பொறுங்கள். ரீசேட் இல்லை, எல்லோரும் பாடசாலைச் சீருடையில் வருவார்கள், கையில் இல்ல நிறத்தில் ஒரு நாடா. அதை நாங்களே தருவோம். பேண்ட் வாத்தியம் இல்லை. விருந்தினர் சாப்பாடு இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு அபிவிருத்திச் சங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. பெற்றோரிடம் எந்த இல்லப் பொறுப்பாசிரியராவது பணம் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள். வீட்டில் இழப்பு நடந்து, பிள்ளையை அனுப்ப மனமில்லாதவர்கள் காரணம் எழுத வேண்டாம். வராத பிள்ளைக்காக எந்த இல்லத்துக்கும் புள்ளி குறையாது.

வெருகல் ஐயாவுக்கு: உங்கள் மகன் குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். நீங்கள் விரும்பாவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறேன். ஒரு சொல் சொன்னால் போதும்.

ஜனவரி 31 சனிக்கிழமை காலை 7 மணிக்கு மைதானத்தில் சிரமதானம். பவுசர் தடத்தை மண் போட்டு நிரப்ப வேண்டும், மேற்கு மூலையைக் கொத்திச் சமன்படுத்த வேண்டும். எங்களிடம் மண்வெட்டி ஆறுதான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் பிடியில் பெயர் எழுதிக் கொண்டு வாருங்கள், போன முறை மூன்று மாறிப்போய்விட்டது. தேநீரும் பணிஸும் தருவோம்.

அன்புடன்,
அதிபர்