மனையை உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுங்கையூரில் எங்கள் தெருக்களை ஒட்டி, பழைய கிடங்கு ஒன்று இருந்த சுமார் 4 ஏக்கர் தாழ்வான மனையில் 300 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரவிருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. ஆலைகளும் கிடங்குகளும் காலியான இடத்தில் வீடு வருவது வட சென்னைக்குத் தேவைதான். (அந்த வீட்டின் விலை இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எட்டுமா என்பது வேறு கதை.) கட்டடம் எழும்புவதற்கு முன் அந்த மனையில் கொட்டப்போகும் மண்தான் எங்கள் கவலை.

இந்தப் பகுதியின் மழைநீர், கொடுங்கையூர் கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். நிலமோ கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். தண்ணீர் ஓடத் தேவையான வாட்டம் (சரிவு) மிகக் குறைவு. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பக்கிங்காம் கால்வாய் வாங்காது. அது வாங்கும்வரை மழைநீர் எங்காவது காத்திருந்தாக வேண்டும். அப்படிக் காத்திருக்கும் இடம் இதுபோன்ற தாழ்வான காலி மனைகள்தான். வடிகாலை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், அது போய்ச் சேரும் கால்வாய் நிரம்பியிருந்தால் பயனில்லை என்பதை 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் வட சென்னைக்குக் காட்டிவிட்டன.

இப்படிப்பட்ட மனைகளுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதி தருவதற்கு முன், வெள்ளம் சூழும் இடமா என்று பார்த்து நீர்வளத் துறை தடையில்லாச் சான்று வழங்குகிறது. அந்தச் சான்றில் மனையை இன்ன மட்டத்துக்கு மண் நிரப்பி உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். புதிதாக வீடு வாங்குபவர் நனையாமல் இருக்க அது சரியான ஏற்பாடு. பக்கத்துத் தெருவுக்கு அதனால் என்ன ஆகும் என்பதையும் அதே சான்றில் கணக்குப் பார்த்து எழுத வேண்டும் என்கிறோம்.

கணக்கு கடினமானது அல்ல. 4 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 16,000 சதுர மீட்டர். பெருமழையில் அங்கே ஒரு அடி, அதாவது 30 செ.மீ. தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் 48 லட்சம் லிட்டர். மனையை 1.2 மீட்டர் உயர்த்தினால் அந்த 48 லட்சம் லிட்டருக்கும் அங்கே இடமில்லை. அது பக்கத்தில் இருக்கும் தெருக்களிலும் முற்றங்களிலும் இன்னொரு 4 ஏக்கரில் பரவினால், அங்கே ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் மேலும் ஒரு அடி ஏறும். ஒரு அடி என்பது வாசற்படியில் நிற்கும் தண்ணீர் கூடத்துக்குள் வருவதற்கும், தரை மட்டத்தில் வாய் இருக்கும் சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலப்பதற்கும் போதும். இதோடு, அடியில் திறப்பே இல்லாமல் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டால் தண்ணீர் குறுக்கே ஓடவும் வழி அடைபடும்.

சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகளை விடச் சாலை உயரக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். சாலைக்கு ஒரு நியாயம், மனைக்கு ஒரு நியாயமா?

மாற்று வழி உண்டு. மனை முழுவதும் மண் அடிக்காமல், கட்டடத்தைத் தூண்கள்மேல் நிறுத்தி, வண்டி நிறுத்துமிடத்தை இப்போதுள்ள தரை மட்டத்திலேயே விட்டுவிடலாம். மின் பலகை, ஜெனரேட்டர், லிஃப்ட் இயந்திரம், குடிநீர்த் தொட்டியின் வாய் ஆகியவற்றை மட்டும் வெள்ள மட்டத்துக்கு மேலே வைத்தால் போதும். அவசர ஊர்தி வந்து போக ஒரு பாதையை உயர்த்திக்கொள்ளலாம். கார்களை அந்த ஓரிரு நாள் அப்புறப்படுத்த வேண்டிவரும். அது பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலை மேலே ஏற்றுவதை விடச் சிறிய தொல்லை.

இன்னொன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலைகள் நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. இங்கே அது சுமார் 1,600 சதுர மீட்டர் வரும். அதையும் மண்ணால் மேடாக்கி நடைபாதைக் கல் பதித்துப் பூங்கா என்று பெயர் வைப்பதற்குப் பதிலாக, 1 மீட்டர் தாழ்வான விளையாட்டுத் திடலாக விட்டால் 16 லட்சம் லிட்டர் கொள்ளும். மொத்த மனையிலும் 100 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீரும் அவ்வளவுதான். அதைவிட ஆழமாகத் தோண்டுவதில் பெரிய பயன் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். மழைநீர் சேகரிப்பு உறைகிணறுகளை மட்டும் நம்பச் சொல்வதும் இதனால்தான் எடுபடாது.

அடுத்தது கழிவுநீர். 300 வீடுகளில், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவில் 1,62,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் 80 சதவீதம், ஏறத்தாழ 1,30,000 லிட்டர், கழிவாக வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையம் கட்டி மறுபடி பயன்படுத்துவோம் என்று காகிதத்தில் இருக்கும். கழிப்பறைக்கு ஆளுக்கு 45 லிட்டர் போட்டால் 54,000 லிட்டர் செலவாகும். மீதி ஏறத்தாழ 75,000 லிட்டர் தோட்டத்துக்கு என்பார்கள். மழைக்காலத்தில் தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடப்போகிறார்கள்? தனி வீடுகளுக்காகப் போட்ட தெருக் குழாயில் அந்த 75,000 லிட்டரும் சேர்ந்தால் முதலில் பொங்குவது தாழ்வில் இருக்கும் மேன்ஹோல். குழாய் வாங்காதபோது இரவில் மோட்டார் போட்டு மழைநீர் வடிகாலில் விடுவதுதான் நடக்கும். எந்தக் குழாயில், எந்த விட்டத்தில் இணைப்பு, எந்த நீரேற்று நிலையம் வரை அது தாங்கும் என்பதை முன்னதாகவே சொல்ல வேண்டும்.

அடித்தளம் தோண்டும்போது நிலத்தடி நீரை இறைத்தால் பக்கத்து வீடுகளின் அடியிலிருக்கும் மண் அமுங்கிச் சுவர் வெடிக்கக்கூடும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டின் விரிசலையும் இரு தரப்பும் சேர்ந்து படமெடுத்துப் பதிவு செய்தால் பிற்பாடு சண்டை இருக்காது.

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றாலும், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். எழுத்தில் கொடுத்தால்தான் உண்டு. இதே நிலையில் இருக்கும் மற்ற பகுதியினருக்கும் சொல்கிறோம்: மண் லாரி வருவதற்கு முன்பே கொத்தனாரின் டியூப் மட்டத்தை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) வைத்து மனையின் நான்கு மூலை, நடுத்தெரு, வீடுகளின் வாசற்படி ஆகியவற்றின் உயர வித்தியாசத்தை எடுத்து, அசையாத ஒரு சுவரில் குறியிட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மண் விழுந்த பிறகு பழைய மட்டத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. நீர்வளத் துறைச் சான்றின் நகல், மனை மட்ட வரைபடம், வடிகால் வரைபடம் ஆகிய மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சி.எம்.டி.ஏ.விடம் நாங்கள் கேட்பது: திட்ட அனுமதிக்கு முன் மனையின் இப்போதைய மட்டத்தையும் உத்தேச மட்டத்தையும் மனை வாசலில் தமிழில் பலகையாக வைக்க வேண்டும், உயர்த்துவதால் இழக்கும் கொள்ளளவை அந்த மனைக்குள்ளேயே ஈடு செய்யும் வரைபடம் இல்லாமல் அனுமதி தரக் கூடாது, சுற்றுச்சுவரின் அடியில் நீர்த் திறப்புகள் எத்தனை, எங்கே என்பதும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்போர்,
கொடுங்கையூர், சென்னை – 118