கணித ஆசிரியர்களை உருவாக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவரும் நான், இப்போது உங்கள் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் வருங்கால ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய பாடத்திட்டத்தில் இன்னும் ஒரு தாளைச் சேர்க்கும்படி கேட்கவில்லை. மாணவர் தவறாக எழுதிய விடையைப் படிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், இருபடிச் சமன்பாடுகளைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் பாடத்தை நடத்தினேன். ஓர் எண்ணிலிருந்து 2-ஐயும் 3-ஐயும் தனித்தனியே கழித்து, கிடைத்த இரண்டையும் பெருக்கினால் 0 வருகிறது என்றால், அந்த எண் 2 அல்லது 3. இதை வகுப்பில் எல்லோரும் சரியாகவே செய்தார்கள். தேர்வில் பெருக்கற்பலன் 6 என்று மாற்றிக் கொடுத்தபோது, ஒரு மாணவி இரண்டு காரணிகளையும் தனித்தனியே 6-க்குச் சமப்படுத்தி, 8, 9 என்று விடை எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 0, 5 என்ற சரியான விடையைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தேர்வில் பெருக்கற்பலன் 12 ஆக இருந்தது. அவள் அதே தவறைச் செய்தாள்.

அவள் கவனக்குறைவாக இருக்கவில்லை. நான் கற்பித்த வழி 0-க்கு மட்டும் ஏன் பொருந்துகிறது என்பதை நான்தான் சொல்லவில்லை. 6 வருவதற்கு எண்ணற்ற வழிகள் உண்டு; 0 வரவேண்டுமானால், பெருக்கப்படும் எண்களில் ஒன்றாவது 0 ஆக இருந்தே தீர வேண்டும். எட்டைப் பொருத்திப் பார் என்று சொல்லியிருந்தால், 6-ஐயும் 5-ஐயும் பெருக்கி 30 வருவதை அவளே கண்டுபிடித்திருப்பாள்.

இதில் எனக்கு இன்றும் வருத்தம் தருவது வேறொன்று. பட்டப்படிப்பில் வளையங்களைப் பற்றி, அதாவது கூட்டலும் பெருக்கலும் செய்யக்கூடிய கணித அமைப்புகளைப் பற்றிப் படித்திருந்தேன். 6-ஐ மட்டாகக் கொண்ட, அதாவது 6-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் எண்கணிதத்தில் 2-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 0 வரும், ஆகவே மேற்சொன்ன பண்பு எங்கும் தானாகக் கிடைப்பதன்று என்பதைத் தேர்வில் நிறுவி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த நிறுவலும் அந்த மாணவியின் விடைத்தாளும் ஒரே செய்தியைப் பேசுகின்றன என்று எனக்கு யாரும் காட்டவில்லை. பள்ளிக் கணிதத்தை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர், ஆசிரியரான பின் பல்கலைக்கழகக் கணிதத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்புகிறார் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் பெலிக்ஸ் கிளைன் 1908-இல் வெளியான தம் விரிவுரைகளிலேயே இந்த இரட்டைத் துண்டிப்பைச் சுட்டிக்காட்டினார். பாட அறிவும் கற்பிக்கும் முறையும் மட்டும் போதா, இரண்டும் கலந்த தனி அறிவு ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்று 1986-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் எழுதினார். நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற நம்பிக்கை, இவ்வளவுக்குப் பிறகும் நம்மை விட்டுப் போகவில்லை.

என் கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிட வந்தவர்கள் பாடக்குறிப்பின் கட்டங்களையும், கரும்பலகைக் கையெழுத்தையும், குரலின் ஏற்ற இறக்கத்தையும் கவனித்தார்கள். அவையும் தேவைதான். ஆனால் மாணவர்கள் தங்கள் ஏடுகளில் என்ன எழுதினார்கள் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஆகவே, பெயர் மறைக்கப்பட்ட உண்மையான விடைத்தாள்களை முதல் பருவத்திலேயே உங்கள் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இந்த மாணவர் என்ன நினைத்து இப்படி எழுதினார், அந்த நினைப்பு எந்தக் கணக்கில் சரியாக வேலை செய்திருக்கும், அவரிடம் அடுத்து எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள் என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். இதற்குத் தேர்விலும் மதிப்பெண் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். விடைத்தாள்களுக்குப் பஞ்சமே இல்லை. கேட்டால் நானும் அனுப்பிவைக்கிறேன். என் வகுப்பில் வந்து உட்கார விரும்பும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பின்வரிசையில் இடமும் உண்டு.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்